அவள் படிப்புக்கு நான் பிணை

என் மனைவிக்கு இந்தியாவில் சமூகப்பணியில் முதுமாணி படிக்க இடம் கிடைத்த செய்தி வந்த அன்று எங்கள் வீட்டில் ஒருவரும் சந்தோசப்படவில்லை. அவளும்தான். கடிதத்தைப் படித்து முடித்ததும் மடித்து மேசையில் வைத்துவிட்டு உலையில் அரிசி போடப் போய்விட்டாள். என் அக்கா தைத்துக்கொண்டிருந்த சட்டையிலிருந்து தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"அப்ப போறாவோ?"

"இன்னும் கதைக்கேல்லை" என்றேன்.

நாங்கள் அப்போது புத்தூரில் இருந்தோம். நான் அருகிலிருந்த பாடசாலையில் கணிதம் படிப்பித்தேன். அக்கா தையல் ஆசிரியை. கல்யாணம் செய்யவில்லை. பெற்றோர் காலமானபின் அவர்தான் வீட்டுக்குப் பெரியவர். மகளுக்கு நாலு வயது. மனைவி வடகரையில் கடலோடிக் குடும்பம் ஒன்றில் பிறந்தவள். பல்கலைக்கழகத்தில் சந்தித்து, இரண்டு வீட்டாரின் விருப்பமும் இல்லாமல் கட்டிக்கொண்டோம். என் பக்கத்திலிருந்து அக்கா மட்டும்தான் கல்யாணத்துக்கு வந்தார். அந்த நன்றி என் மனைவிக்கு எப்போதும் இருந்தது. அதனாலேயோ என்னவோ, இருவரும் ஒருவரோடொருவர் மிகவும் கவனமாகவே கதைத்துக்கொள்வார்கள்.

படிப்புச் செலவையும் விடுதிச் செலவையும் வெளிநாட்டுத் தொண்டு நிறுவனமொன்று ஏற்றுக்கொண்டிருந்தது. ஆகவே காசைப் பற்றி யோசிக்க எங்களுக்கு ஒன்றும் இருக்கவில்லை. யோசிக்க வேண்டியிருந்தது பாஸைப் பற்றி. அந்த வருடங்களில் குடாநாடு இயக்கத்தின் கையில் இருந்தது; அதை விட்டு வெளியே போவதற்கு இயக்கம் தரும் அனுமதிச் சீட்டு, பாஸ், வேண்டும். பாஸ் எடுப்பதற்கு, போகிறவர் திரும்பி வருவார் என்று இங்கே ஒருவர் பிணை நிற்க வேண்டும். போனவர் வரும்வரை பிணை நின்றவர் எங்கும் போக முடியாது. போனவர் வராமலே விட்டால் பிணை நின்றவர் பதில் சொல்ல வேண்டும். எப்படிப் பதில் சொல்வது என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. ஆளுக்கொரு கதை சொன்னார்கள்.

அவள் ஏன் அந்தப் படிப்புக்கு விண்ணப்பித்தாள் என்பதைச் சொல்ல வேண்டும். சண்டிலிப்பாயில் ஒரு பாடசாலையில், சண்டையால் கரையோரத்திலிருந்து எழும்பி வந்த குடும்பங்கள் தங்கியிருந்தன. ஊர்ச் சங்கமொன்றின் சார்பில் அவள் தினமும் அங்கே சைக்கிளில் போய் வருவாள். பால்மா, மருந்து, பிள்ளைகளின் படிப்பு என்று எந்த அலுவலும் அவளிடம்தான் வரும். அங்கே ஒரு தாய் இருந்தாள். செல் விழுந்து வெடித்ததில் தன் இரண்டு பெடியன்களையும் பறிகொடுத்தவள். என் மனைவி தினமும் அவளுக்குப் பக்கத்தில் போய் இருந்து கதைப்பாள். ஒருநாள் மத்தியானம் அந்தத் தாய் பாடசாலைக் கிணற்றுக்குள் குதித்துவிட்டாள். தண்ணீர் அள்ள வந்தவர்கள் கண்டு தூக்கியதால் உயிர் தப்பினாள்.

அன்று மனைவி வீட்டுக்கு வந்து சைக்கிளைக்கூட நிறுத்தவில்லை. வேலியோடு சாய விட்டுவிட்டு அப்படியே நின்றாள்.

"காலமை அவவோடை கனநேரம் கதைச்சனான்" என்றாள். "அழுங்கோ, அழுதால் ஆறும் எண்டு சொன்னனான். அது பிழையோ சரியோ எனக்குத் தெரியேல்லை. நான் சொன்னதாலைதான் குதிச்சவவோ எண்டும் தெரியேல்லை."

"உம்மிலை என்ன பிழை" என்றேன்.

"பிழையில்லை எண்டு உங்களுக்கு என்னண்டு தெரியும்? எனக்கே தெரியாது."

அடுத்த வாரமே விண்ணப்பத்தை நிரப்பி, கொழும்புக்குப் போன ஒருவரிடம் கொடுத்து அனுப்பினாள். இடம் கிடைக்கும் என்று நான் நம்பவில்லை. அவளும் நம்பியிருக்க மாட்டாள் என்றுதான் நினைக்கிறேன்.

கடிதம் வந்தபிறகு பல நாட்கள் வீடு ஒரு மாதிரியாகவே இருந்தது. சாப்பிடும்போது அக்கா ஒன்று சொல்வார். அவள் பிள்ளைக்குச் சோறு தீத்துவாள். ஒருநாள் அக்கா நேரடியாகவே கேட்டார்.

"ஆறுதல் சொல்லுறதுக்கும் ஒரு படிப்போ, பிள்ளை? எங்கடை சனம் இவ்வளவு காலமும் படிச்சோ ஆறுதல் சொன்னது?"

"மச்சாள், நீங்கள் துணியிலை கத்தரிக்கோல் வைக்க முதல் அளவெடுக்கிறியள்தானே" என்றாள் அவள். "நான் அளவெடுக்கத் தெரியாமல் வெட்டிக்கொண்டிருக்கிறன்."

அக்கா அதற்கு மேல் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் அன்று பின்னேரம் என்னைத் தோட்டத்துக்குக் கூப்பிட்டார். வெங்காயத்துக்குப் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறிவிட்டுக்கொண்டிருந்தோம். அக்கா வாய்க்காலைப் பார்த்தபடியே சொன்னார்.

"அவ கெட்டிக்காரி. அதிலை எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அங்கை போய் கரண்ட் வெளிச்சத்தையும் காத்தாடியையும் கண்ட பிறகு, இந்தக் குப்பி விளக்குக்குத் திரும்பி வருவாவோ? அவ வராட்டி நீ என்ன செய்வாய்?"

"வருவா" என்றேன்.

"நீ அவவை நம்புறாய். நான் காலத்தை நம்பேல்லை, தம்பி."

பாடசாலையிலும் இதே கதைதான். என்னோடு கணிதம் படிப்பித்தவர் ஓய்வறையில் மெதுவாகச் சொன்னார். "கடனுக்குப் பிணை நிக்கிற மாதிரி இல்லை மாஸ்டர் இது. கடன் எண்டால் காணியை வித்தெண்டாலும் கட்டலாம்." அவர் என் நன்மைக்காகத்தான் சொன்னார். ஆனாலும் அன்றைக்கு வகுப்பில் கரும்பலகையில் நான் எழுதிய கணக்கைப் பிள்ளைகள் இரண்டு தரம் திருத்த வேண்டியிருந்தது.

எனக்குப் பயம் இருந்தது. பயம் இயக்கத்தை நினைத்து மட்டுமல்ல. அவள் இல்லாத இரண்டு வருடத்துக்குள் வேறொரு ஆளாகிவிடுவாளோ என்று பயந்தேன். பிள்ளையைக் காய்ச்சலோடு தூக்கிக்கொண்டு பதுங்குகுழிக்குள் ஓடுவதை நினைத்துப் பயந்தேன். அதே நேரம், அவள் போகாமல் விட்டால் அந்தக் கிணற்றடியில்தான் வாழ்நாள் முழுதும் நிற்பாள் என்றும் எனக்குத் தெரிந்தது.

ஒருநாள் கோயிலுக்குப் போய் வரும்போது அவளே கேட்டாள்.

"நான் வராட்டி என்ன செய்வீங்கள்?"

"வராமல் விடுவீரோ?"

"நான் வர நினைச்சும் வர ஏலாமல் போனால்?"

கொஞ்சத் தூரம் நடந்தபின், "நான் நிக்கிறன். நீர் போட்டு வாரும்" என்று மட்டும் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். இதைத்தான் நாங்கள் முடிவு எடுத்தோம் என்று பிறகு சொல்லிக்கொள்வோம்.

பாஸ் கொடுக்கும் கந்தோர் சுன்னாகத்தில், ஆட்கள் விட்டுப்போன ஒரு பெரிய வீட்டில் இயங்கியது. நானும் மனைவியும் அங்கே போனபோது, பிணைக்குத் தன்னை வைக்கலாமோ என்று கேட்டுப் பார்க்கும்படி அக்கா சொல்லிவிட்டிருந்தார். அதை நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அங்கிருந்த பொறுப்பாளர், புருசன் இருக்கும்போது வேறு ஆள் வேண்டாம் என்றுவிட்டார். இருபத்தைந்து வயதிருக்கும் அவருக்கு. மரியாதையாகவே கதைத்தார்.

"மாஸ்டர், அவ வருவாவோ?"

"வருவா."

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுகினம்." பிறகு அவளைப் பார்த்தார். "என்ன படிப்பு, அக்கா?"

"சமூகப்பணி."

"அதுக்கு இந்தியாவுக்குப் போகவேணுமோ? நாங்களும் இஞ்சை சனத்துக்கு அதைத்தானே செய்யிறம்."

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே விளங்காமல்தான் கேட்டார். அவள் அமைதியாகச் சொன்னாள்.

"ஓம் தம்பி. எனக்குத் தெரியாதது கனக்க இருக்கு. அதைப் படிச்சிட்டு வாறன்."

அவர் பேனையை எடுத்தார். "பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போறியளோ?" என்று கேட்டார். இல்லை என்றோம். "நல்லது. பிள்ளை இஞ்சை நிக்கட்டும்" என்று சொல்லி எழுதத் தொடங்கினார். பிணை ஒருவர் அல்ல, இருவர் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஒரு வருடத்துக்குத்தான் பாஸ் தந்தார்கள். முதல் வருட விடுமுறைக்கு வந்து முகம் காட்டிவிட்டுத்தான் இரண்டாம் வருடத்துக்குப் போகலாம் என்றார்கள்.

கிளாலிக் கடல்நீரேரியால்தான் அப்போது போக்குவரத்து. பிள்ளையை முன்பாரிலும் அவளைக் கரியரிலும் ஏற்றிக்கொண்டு கொடிகாமம் வரை சைக்கிள் உழக்கினேன். அங்கிருந்து போகிற ஆட்களோடு அவள் சேர்ந்துகொண்டாள். அவள் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சவில்லை. "தூக்கினால் விடமாட்டன்" என்றாள். திரும்பி வரும் வழியெல்லாம் மகள் சைக்கிள் பெல்லை அடித்தபடியே இருந்தாள். நான் தடுக்கவில்லை.

அந்த வருடம் எப்படியோ போனது. கொழும்பிலிருந்து வருகிறவர்கள் அவளுடைய கடிதங்களைக் கொண்டு வந்தார்கள். சில கடிதங்கள் எழுதி இரண்டு மாதம் கழித்து வந்தன. தான் படிப்பதைப் பற்றி எழுதுவாள். நகரத்துச் சேரியொன்றில் வேலை பழக விடுகிறார்கள் என்றும், வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருக்கப் பழகுவதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம் என்றும் எழுதியிருந்தாள். நான் இங்கத்தைய காய்ச்சலையும் குண்டுவீச்சையும் எழுதுவதில்லை. மகளுக்கு நெருப்புக்காய்ச்சல் வந்தபோது அக்கா பாடசாலைக்கு லீவு போட்டுவிட்டுப் பிள்ளையின் பாயருகிலேயே கிடந்தார். பிள்ளை எழும்பி நடந்த பிறகுதான் அக்கா மெலிந்துபோயிருப்பதைக் கண்டேன்.

விடுமுறை வந்தது. அவள் வவுனியாவரை வந்துவிட்டாள் என்று செய்தி கிடைத்தது. அந்த நேரம் பார்த்துக் கடல்நீரேரியில் சண்டை. படகுகள் நின்றுவிட்டன. தெரிந்தவர்கள் வீட்டில் காத்திருந்து பார்த்துவிட்டு, வகுப்புத் தொடங்கிவிட்டதால் அவள் திரும்பிப் போனாள். அவள் போய் இரண்டு கிழமைக்குள் படகுகள் மறுபடி ஓடத் தொடங்கின.

நானே கந்தோருக்குப் போய் விசயத்தைச் சொன்னேன். அதே பொறுப்பாளர்தான்.

"வழி இல்லாதது எனக்கும் தெரியும், மாஸ்டர். இப்ப வழி இருக்குதுதானே."

"வகுப்புத் தொடங்கிட்டுது."

"அது அவவின்ரை பிரச்சினை. எனக்கு மேலை இருக்கிறவைக்கு நான் பதில் சொல்லவேணும்."

ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்து கையெழுத்து வைக்கச் சொன்னார். அப்படியே வைத்தேன். சுன்னாகச் சந்தைக்கு வெங்காயம் கொண்டுவரும் எங்கள் ஊரவர்கள், நான் கந்தோர்ப் படலைக்குள் போவதையும் வருவதையும் கண்டுவிட்டு வேறு பக்கம் பார்த்தார்கள். இரண்டு மாதமாயிற்று. ஒரு சனிக்கிழமை, இந்த மாத முடிவுக்குள் அவ வராவிட்டால் மாற்றிக் கட்டச் சாரமொன்றும் எடுத்துக்கொண்டு வாருங்கோ என்றார். அதையும் மரியாதையாகத்தான் சொன்னார்.

அந்தக் கிழமை நான் அவளுக்கு எழுதினேன். இங்கே ஒரு பிரச்சினையும் இல்லை, வழி சீரில்லாதபடியால் படிப்பை முடித்துக்கொண்டே வாரும் என்று எழுதினேன். இன்னும் சில மாதங்கள்தான், ஒரு வாத்தியாரை என்ன பெரிதாகச் செய்துவிடப் போகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நான் பையில் சாரத்தையும் சவர்க்காரத் துண்டையும் வைப்பதை அக்கா கண்டுவிட்டார்.

"அவவுக்கு இதை எழுதினியோ?"

"இல்லை."

"ஏன்?"

"எழுதினால் வந்திடுவா."

"அதுக்குத்தானே எழுதுறது" என்றார் அக்கா. அவருடைய குரல் உயரவில்லை. "நீ உள்ளுக்கை போனால் பிள்ளைக்கு ஆர்? நான். எனக்கு ஏதும் நடந்தால்? அதைப் பற்றி நீங்கள் ரெண்டு பேரும் யோசிச்சனீங்களோ? என்னை ஒருத்தரும் கேக்கேல்லையே, தம்பி. நானும் பிணைதான்."

அவர் சொன்னதில் பிழையொன்றும் இருக்கவில்லை.

மாத முடிவில் பையோடு போனேன். அந்த வீட்டின் பின்னறையில் விட்டார்கள். அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. காலையில் தேத்தண்ணீரும் பாணும் தந்தார்கள். கதவைப் பூட்டினார்கள், அவ்வளவுதான். வெளியே சந்தைச் சத்தம் கேட்டபடி இருக்கும். என்னோடு நெல் விதைக்கிற வயதான கமக்காரர் ஒருவரும் இருந்தார். கொழும்பில் ஒரு கல்யாணத்துக்கென்று போன மகளுக்கு அவர் பிணை.

"உங்கடை மகள் எப்ப வாறா?" என்று கேட்டேன்.

"வரமாட்டாள்" என்றார். "வரவேண்டாம் எண்டு சொல்லித்தான் விட்டனான். எனக்கு இனி என்ன, இஞ்சை இருந்தாலென்ன, வீட்டிலை இருந்தாலென்ன."

அவர் அதை அவ்வளவு இலகுவாகச் சொன்னது எனக்குத் தாங்கவில்லை. அவருக்குத் தான் என்ன கொடுக்கிறோம் என்று தெளிவாகத் தெரிந்திருந்தது. நான் என் மகளின் பங்கையும் அக்காவின் பங்கையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு, என்னுடையது மட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த அறையில் இருந்த நாட்களில் இதைத்தான் திரும்பத் திரும்ப யோசித்தேன். அவள் வர வேண்டும் என்று ஒரு பொழுதும், வந்துவிடக் கூடாது என்று இன்னொரு பொழுதும் கும்பிட்டேன்.

ஒரு காலை பொறுப்பாளர் கதவைத் திறந்து, "மாஸ்டர், வாருங்கோ" என்றார். முன் விறாந்தையில் அவள் நின்றாள். சேலையின் கீழ்ப்பாதியில் உப்புத் தண்ணீர் காய்ந்து வெள்ளையாகப் படிந்திருந்தது. காலில் செருப்பில்லை. கிளாலியிலிருந்து வீட்டுக்குப் போகாமல் நேரே வந்திருக்கிறாள்.

"பிள்ளை எப்பிடி?" என்றாள்.

"படிப்பு?" என்றேன்.

"பிள்ளை எப்பிடி எண்டு கேட்டனான்."

"சுகமா இருக்கிறா."

பொறுப்பாளர் எங்கள் இருவரையும் பார்த்தார். "நீங்கள் போகலாம்" என்றார். பின்னறைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அந்தக் கமக்காரரிடம் சொல்லிக்கொள்ள என்னை விடவில்லை.

சுன்னாகத்திலிருந்து வீடுவரை அதிகம் பேசவில்லை. நான் உள்ளே போனதும் அக்காதான், கொழும்புக்குக் கண் வைத்தியரிடம் காட்டப் போன ஒரு பெண்ணிடம் சொல்லி, அங்கிருந்து அவளுக்குத் தந்தி அடிக்க வைத்திருக்கிறார். என் கடிதமும் அந்தச் செய்தியும் ஒரே கிழமையில் அவளிடம் போய்ச் சேர்ந்திருக்கின்றன. அவள் அடுத்த நாளே புறப்பட்டிருக்கிறாள்.

வீட்டில் மகள் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். முன்பல் இரண்டு விழுந்திருந்தது. "திரும்பவும் போவீங்களோ?" என்று கேட்டாள்.

"இல்லை" என்றாள் அவள்.

அக்கா அதைக் கேட்டுக்கொண்டு குசினிக்குள் போய்விட்டார்.

அவளுக்குக் கோபம் அதற்குப் பிறகுதான் வந்தது. எங்களை இருவரையும் முன்னால் வைத்துக்கொண்டு அவள் சொன்னாள். "நீங்கள் எனக்குப் பொய் எழுதினனீங்கள். மச்சாள் உண்மையைச் சொல்லி விட்டவ. ரெண்டு பேரும் எனக்காக முடிவெடுத்தனீங்கள். ஒருத்தரும் என்னைக் கேக்கேல்லை." அக்கா, "நான் களைச்சுப்போனன், பிள்ளை. அதுதான் உண்மை" என்றார். அவள் அக்காவின் கையைப் பிடித்தாள். என் பக்கம் திரும்பவில்லை. எத்தனையோ கிழமைகள் அப்படியே போயின. ஒரே வீட்டில் உப்பு, தண்ணீர், பிள்ளையின் சட்டை என்ற அளவுக்குத்தான் பேச்சு.

மகளிடம் அப்படிச் சொன்னாலும் அவள் கேட்டுப் பார்த்தாள்; இரண்டாம் முறை பாஸ் தர மறுத்துவிட்டார்கள். கல்லூரி ஒரு வருடம் இடத்தை வைத்திருந்து, பிறகு முடியாது என்று எழுதியது. அவள் மறுபடி சண்டிலிப்பாய்ப் பாடசாலை முகாமுக்குப் போகத் தொடங்கினாள். முன்னைப்போல வந்து எல்லாவற்றையும் சொல்வதில்லை. கேட்டால், "அவை சொன்னதை நான் வீட்டிலை கதைக்கக் கூடாது" என்பாள். அது அவள் இந்தியாவில் படித்த பாடங்களில் ஒன்று. அது எங்களுக்கிடையே இருந்த மௌனத்தோடு போய்ச் சேர்ந்துகொண்டது.

பிறகு அந்த இடப்பெயர்வு வந்தது. இராணுவம் முன்னேறி வர, எங்கள் வலிகாமம் முழுதும் மழைக்குள் எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. நாங்கள் நாலு பேரும், ஒரு சைக்கிளும், அக்காவின் தையல் இயந்திரத்தின் தலையும் தென்னங்காணியொன்றில் தறப்பாளுக்குக் கீழே வந்து சேர்ந்தோம். சில நாளில் உதவி நிறுவனமொன்று ஆட்களைத் தேடிக்கொண்டு வந்தது. பாதிக்கப்பட்டவர்களோடு பேச ஒரு பொறுப்பாளர் வேண்டும், முதுமாணிப் பட்டம் கட்டாயம் என்றார்கள். பட்டம் பெற்ற ஒருவரைக் கொழும்பிலிருந்து எடுத்தார்கள். அவளை அவருக்கு உதவியாளராக வரச் சொன்னார்கள்.

அன்று பின்னேரம் நான் தறப்பாளின் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தபோது அதைச் சொன்னாள்.

"போறீரோ?" என்று கேட்டேன்.

"ஓம். நாளைக்குத் தொடங்கச் சொல்லியிருக்கினம்."

"உமக்கு வந்திருக்கவேண்டிய இடம் அது. நான் அண்டைக்கு உண்மையை எழுதியிருந்தால், முதலே யோசிச்சு ஏதாவது வழி பாத்திருப்பீர்."

அவள் கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். 

"நீங்கள் என்னை வாரும் எண்டு எழுதியிருந்தால் நான் வந்திருக்கமாட்டன்" என்றாள். "என்னை மறிக்கிறார் எண்டு கோவம் வந்திருக்கும். முடிச்சிட்டுத்தான் வருவன் எண்டு நிண்டிருப்பன். ஒரு பிரச்சினையும் இல்லை எண்டு எழுதிப்போட்டு நீங்கள் உள்ளுக்கை போய் இருக்கிறியள் எண்டு கேட்ட பிறகு எனக்கு ஒரு புத்தகமும் விரிக்க ஏலாமல் போச்சு."

"நட்டம்தான்" என்றேன்.

"ஓம், நட்டம்தான்" என்றாள். "இல்லை எண்டு நான் சொல்லமாட்டன்."

அவள் அப்படி ஒத்துக்கொண்டது எனக்கு ஆறுதலாக இருந்தது. நட்டமில்லை என்று சொல்லியிருந்தால் அவளை நான் நம்பியிருக்க மாட்டேன். மேற்கே மழை மறுபடி கறுத்துக்கொண்டு வந்தது. அக்கா அடுப்பை உள்ளே இழுக்கச் சொல்லிக் கூப்பிட்டார். அவள் முடிச்சை இறுக்கிவிட்டு, நாளைக்கு உடுத்துக்கொண்டு போவதற்கு நனையாத சேலை ஏதும் இருக்கிறதா என்று பெட்டியைக் கிளறத் தொடங்கினாள்.